எந்த வருஷத்துக் கதவு

ஊரில் எல்லாரும் பழசைப் புதுசாக்கப் பாடுபடுகிறார்கள். நான் ஒருவன்தான் புதுசைப் பழசாக்க உட்கார்ந்து மாரடிக்கிறேன். ஃபேன்சி ஸ்டோரில் ஐஸ் குச்சிகளைக் கட்டுக்கட்டாக வாங்கிவந்து, கம்பி பிரஷ்ஷால் கீறி, டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்து, நாற்பது வருஷம் மழையில் நின்ற பலகை போல ஆக்குவது என் பொழுதுபோக்கு. குச்சிகளை ஒட்டிக் குட்டி வீடு கட்ட ஒரு வாரம் போதும். ஒரு சாப்பாட்டுத் தட்டில் அடங்கிவிடுகிற வீடுதானே. அதைப் பார்ப்பவர் நம்பும்படி பழசாக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது.

பிழைப்பு வேறு. தஞ்சாவூரில் பல் கட்டும் லேப் ஒன்றில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல் செய்து திருப்பி அனுப்புவோம். வெள்ளைவெளேரென்று ஒரு பல்லைச் செய்து வைத்தால் அது கட்டின பல் என்று பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவருக்கே தெரிந்துவிடும். ஈறு ஓரம் கொஞ்சம் மஞ்சள் வேண்டும். வெற்றிலை போடுகிறவர் என்றால் இடுக்கில் ஒரு கோடு காவி வேண்டும். நிஜமான பொருளில் கறை இருக்கும் என்பது என் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கூடவே ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்தது. எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் குறை இருக்கும் இடத்துக்குப் போகும். கண் போன இடத்துக்கு வாயும் பின்னாலேயே போய்விடும்.

முதன்முதலில் செய்தது ஆற்று மதகோரம் இருக்கும் லஸ்கர் கொட்டகை. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் மழைக்கு ஒதுங்குகிற இடம். பழைய மரம் என்றால் பழுப்பு நிறம் என்று நினைத்துக்கொண்டு நல்ல சாக்லேட் பழுப்பை எடுத்துப் பூசிவிட்டேன். என் மனைவி ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"எந்த பேக்கரியில வாங்குனீங்க?" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் நிஜ மரத்தைப் பார்க்கக் கிளம்பினேன். லாரிகளின் பக்கப்பலகை, பூட்டிய கடைகளின் அடைப்புப் பலகை, வாய்க்கால் ஓரத்துக் கோழிக்கூண்டு என்று ஒன்றையும் விடவில்லை. கீழவாசல் பக்கம் ஒரு வீட்டுக் கதவை மூக்கு முட்டும் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பனியன் போட்ட பெரியவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு வேணும்?"

"யாரும் வேணாங்க. கதவைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"வீடு விக்கிறதா யாரு சொன்னது?"

"இல்லைங்க, கதவை மட்டும்."

"கதவை மட்டுமெல்லாம் குடுக்க முடியாது" என்று சாத்திவிட்டார்.

ஆனால் அதற்குள் எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. வெயில் படுகிற மரம் பழுப்பாக இருப்பதில்லை, சாம்பலாகிவிடுகிறது. தாழ்ப்பாளைச் சுற்றிக் கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுமினுக்கிறது. தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு மழைத் தண்ணீர் தெறித்து மண்நிறம் ஏறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து, வெளிநாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவில் பார்த்தபடி, பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரை வினிகரில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். டிகாஷனில் முக்கிய குச்சியின் மேல் அந்தத் தண்ணீரைத் தடவினால் கண் முன்னாலேயே மரம் சாம்பலாகும். அதற்குமேல் கறுப்பைக் கரைத்து ஓடவிட்டு, கடைசியில் தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, துணியில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேலாகத் தடவினால் கீறல்களின் விளிம்பு மட்டும் எழுந்து நிற்கும். முதல் தடவை அது கைகூடியபோது என்னை யாராலும் பிடிக்க முடியவில்லை. லேப்பில் பல்லுக்கு வண்ணம் தீட்டும்போதுகூடச் சீட்டியடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் வாய்க்கு வருகிறேன்.

என் மனைவியின் அண்ணன் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தோப்புக்கு நடுவே அவர்களுடைய தேங்காய்க் கொட்டகை. காற்றுப் போக இடைவெளி விட்டு அடித்த பலகைச் சுவர், சீமை ஓடு, இரட்டைக் கதவு. புயல் வந்த ராத்திரி தென்னைகளோடு அந்தக் கொட்டகையும் சாய்ந்தது. பாதை சரியாகி நாங்கள் போய்ச் சேர நாலு நாள் ஆயிற்று. மச்சான் விழுந்த மரங்களுக்கு நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் நானும் பக்கத்தில் போனேன். காலடியில் கொட்டகையின் பலகை ஒன்று கிடந்தது. எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தேன்.

"உள்ள ஏற்கெனவே உளுத்திருக்கு போல மச்சான். முன்னாடியே கவனிச்சிருந்தா நின்னிருக்கும்."

அவர் பலகையை என் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் பட்டுக்கோட்டை தாண்டியதும் என் மனைவி, "அந்த மனுசன் பெத்த புள்ளை மாதிரி வச்சிருந்த கொட்டகைங்க அது" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு முன்னால் அண்ணன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவருவார். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், வாழைத்தார். எங்களுக்குக் கூடவே ஒரு மூட்டைத் தேங்காயும் வரும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் மச்சான் அவரே தூக்கிக்கொண்டு வந்து, கூடத்தில் வைத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். புயலுக்குப் பிறகு வந்த பொங்கலுக்குச் சீர் வந்தது, அவர் வரவில்லை. பேராவூரணி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார். கண்டக்டர் போன் பண்ணி, பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அடுத்த வருஷமும் கண்டக்டர்தான். அதற்கடுத்த வருஷமும்.

தங்கையோடு போனில் பேசுவார். கிளம்பி வாங்கண்ணே என்றால் தோப்பில் வேலை என்பார். நாலு பொங்கலாகக் கரும்புக் கட்டைக் கண்டக்டரிடம் வாங்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. என் மனைவி அந்தக் கரும்பைத் தொடவே மாட்டாள். எனக்கே சீர் வருகிற மாதிரி நானே அதை வெட்டி, நானே கடித்துத் துப்பிக்கொண்டிருப்பேன். பல் நன்றாக இருக்கிறது, அதற்கென்ன.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது ஐஸ் குச்சி. அந்தக் கொட்டகையை அச்சு அசலாகச் செய்து அவர் கையில் கொடுத்துவிட்டால் மனுஷன் இளகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. கொட்டகை வாசலில் ஆறு வயதில் என் மனைவி, தேங்காய்க் குவியல்மேல் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கிறாள். அதை வைத்து ஓடுகளை எண்ணினேன், பலகைகளை எண்ணினேன். கதவுக்கு வந்தபோது அவள், "கதவு பச்சையா இருக்கும்ங்க" என்றாள்.

"பச்சை அடிச்சா பொம்மைக்கடை மாதிரி ஆயிடும். நீ பேசாம இரு" என்றேன்.

மூன்று மாதம் உழைத்தேன். அதுவரை நான் செய்ததிலேயே அதுதான் உச்சம் என்று இப்போதும் சொல்வேன். கதவுப் பலகை ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாம்பல். அடிப்பக்கம் இற்றுப்போய்ப் பிசிறு பிசிறாக நின்றது. ஊசியால் குத்திக் கறையான் துளைகூட வைத்தேன். ஒரு கீலை லேசாகச் சாய்த்து விட்டேன், பார்க்கும்போதே கிரீச்சென்று காதில் கேட்கும்.

மச்சான் மகளுக்கு வளைகாப்பு என்று அழைப்பு வந்தது. கொட்டகையை அட்டைப்பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாக மனைவியோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். சாப்பாடு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு பெட்டியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். ஓட்டைப் பார்த்தார். போட்டோவில் இருக்கிற மாதிரியே வாசலில் நான் வைத்திருந்த குட்டித் தேங்காய்க் குவியலைப் பார்த்தபோது முகம் மலர்ந்தது. பிறகு கதவுக்கு வந்தார். அங்கேயே நின்றுவிட்டார். சுண்டுவிரலால் அந்தச் சாய்ந்த கீலைத் தொட்டார். கறையான் துளைகளைத் தொட்டார்.

"நல்லா பண்ணியிருக்கீங்க மாப்ள" என்றார். "உங்க கண்ணுக்கு இப்புடித்தான் தெரிஞ்சிருக்கு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் வாயால் சொன்னதை மூன்று மாதம் உட்கார்ந்து மரத்தில் செய்து, பெட்டியில் போட்டு, மடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து, வீடு தேடிக் கொடுத்திருக்கிறேன். இதைவிடப் பக்குவமாக ஒரு மனுஷனைக் குத்த முடியாது.

கிளம்பும்போது அவர் பெட்டியை மூடி என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "பேரப்புள்ள பொறக்கப் போவுது, உடைச்சிடும். அங்கயே இருக்கட்டும்" என்றார். அந்தக் குழந்தை பிறக்கவே இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

வாசலில் செருப்பை மாட்டும்போது மச்சானின் மனைவி மெதுவாகச் சொன்னார். "பொங்கலுக்குப் பொங்கல் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆளு வரும். அந்தக் கதவுக்கு மட்டும் உங்க மச்சான்தான் பெயிண்ட் அடிப்பாங்க. வேற யாரையும் தொடவிட மாட்டாங்க. பலகை ஒரு நாளும் வெளிய தெரிஞ்சதில்ல தம்பி."

திரும்பும் வழியெல்லாம் பெட்டி என் மடியில் கனத்தது. கீழவாசல் கதவையும் வெளிநாட்டுக்காரர்களின் வீடியோக்களையும் பார்த்துப் பார்த்து, மரம் என்றால் சாம்பலாகித்தான் தீர வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் டப்பாவோடு ஒரு மனுஷன் வந்து நிற்கிற கதவு எப்படிச் சாம்பலாகும்? அந்தக் கதவுக்கும் வயசாகியிருக்கும்தான். ஆனால் அது பெயிண்டின் மேல் பெயிண்டாக ஏறிய வயசு. பக்கத்தில் இருந்தவள் ஆறு வயதில் அதைத் தினமும் பார்த்தவள், பச்சை என்று சொல்லியும் இருந்தாள். அவளை வாயை மூடு என்றவன் நான்.

மறுநாள் காலை லேப்புக்குப் போகும் முன் அவருக்குப் போன் போட்டேன்.

"மச்சான், அந்தப் பலகை உளுக்கலை. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தப்பு என் மேல."

"அதெல்லாம் இப்ப எதுக்கு மாப்ள" என்றார்.

"சரி, இதை மட்டும் சொல்லுங்க. கதவு என்ன கலர்ல இருந்துச்சு?"

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இல்லை.

"எந்த வருஷம்?" என்றார்.

நான் லேப்புக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். அவர் சொல்லச் சொல்லப் பல்லின் அளவு எழுதுகிற தாளில் குறித்துக்கொண்டேன். அவர் அப்பா காலத்தில் காவி. இவர் கைக்கு வந்ததும் கிளிப்பச்சை, அது பல வருஷம். மகள் பிறந்த வருஷம் வாடாமல்லி, வீட்டுக்காரம்மா ஆசைப்பட்டார். ஆற்றில் தண்ணீரே வராத வருஷம் ஒரு டப்பாதான் வாங்கினார், வெளிப்பக்கம் மட்டும் அடித்தார், உள்பக்கம் பழைய நிறம்தான்.

"உங்க கல்யாணத்து வருசத்துலேருந்து ஆகாச நீலம். அந்த வருசம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கன்னு ரெண்டு கோட்டு அடிச்சேன். நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க."

கவனிக்கவில்லை. குறை இல்லாத கதவு அது, என் கண் எப்படிப் போகும்?

கதவை மட்டும் கழற்றி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்தேன். இதற்கு ஒரு வழி இருக்கிறது, சுலபம்தான். முதலில் காவி அடித்துக் காயவிட வேண்டும். விளிம்பிலும் தாழ்ப்பாளைச் சுற்றியும் லேசாக ஈரம் தொட்டுக் கல்லுப்பைத் தூவ வேண்டும். அதற்குமேல் பச்சை. காய்ந்த பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு இருந்த இடமெல்லாம் பெயர்ந்து அடியில் இருக்கும் காவி எட்டிப்பார்க்கும். அதன் மேல் மறுபடி உப்பு, வாடாமல்லி. மறுபடி உப்பு, நீலம். இப்படி அவர் சொன்ன வரிசையிலேயே வருஷம் வருஷமாக ஏற்றினேன். உள்பக்கத்தில் ஒரு பூச்சு குறைவாகவே விட்டேன். சமையலறை உப்பு ஜாடி காலியானதற்கு என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த நீலத்துல சாஞ்சுதான் நலுங்கு அன்னிக்கி அழுதுக்கிட்டிருந்தேன்" என்றாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புத்தி வருகிறது.

போட்டோ எடுத்து மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று, பத்து நாள் போயிற்று. பொங்கல் நெருங்க நெருங்க என் மனைவி போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். கண்டக்டர் கூப்பிட்டால் அவ்வளவுதான், இந்த வருஷமும் அண்ணன் இல்லை என்று அர்த்தம். போகிக்கு முதல்நாள் காலையில் போன் அடித்தது. இரண்டு பேரும் பாய்ந்தோம். கிரெடிட் கார்டு வேண்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். கண்டக்டர் இல்லை என்ற நிம்மதியில் என் மனைவி அவளிடம் வேண்டாம்மா என்றாள். அவ்வளவு அன்பாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை.

பதினோரு மணி இருக்கும். தெருமுனையில் ஓர் ஆட்டோ திரும்பியது. இரண்டு பக்கமும் கரும்புத் தோகை நீட்டிக்கொண்டு, எதிரில் வந்த சைக்கிள்காரரை ஓரங்கட்ட வைத்தபடி வந்தது. கரும்புகளுக்கு நடுவில் மச்சான் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி வாசலில் நின்று அழுதாள். அழுதுகொண்டே ஆட்டோக்காரரிடம் தேங்காய் மூட்டையைப் பார்த்து இறக்கச் சொன்னாள். மச்சான், "என்ன பாப்பா, நல்ல நாளும் அதுவுமா" என்றார். என்னைப் பார்த்து, "மாப்ள, தாரைப் புடிங்க" என்றார். பிடித்தேன்.

மோர் குடித்து முடித்ததும் அவரே கேட்டார், "அதை எங்க வச்சிருக்கீங்க?"

கொட்டகையை எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்தார். தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் நீலம் பெயர்ந்து வாடாமல்லி தெரிகிற இடத்தை விரலால் தடவினார். கதவைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். பிறகு பையில் கையை விட்டு ஒரு சின்ன பெயிண்ட் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். மூடியின் ஓரம் துருப்பிடித்திருந்தது, ஆனால் திறக்காத டப்பா.

"புயலடிச்ச வருசம் தீபாவளிக்கு வந்திருந்தீங்கள்ல. அப்ப கடையில பாப்பாதான் எடுத்துக் குடுத்துச்சு, பொங்கலுக்கு இந்தக் கலர் அடிண்ணேன்னு. அடிக்கிறதுக்குக் கதவு இல்லாமப் போச்சு."

என் மனைவிக்கு அது நினைவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

ஸ்க்ரூடிரைவரால் மூடியை நெம்பினேன். மேலே தடியாக ஆடை கட்டியிருந்தது. மச்சான் ஒரு ஐஸ் குச்சியை எடுத்து அதைக் குத்திக் கிழித்துக் கிளறினார். அடியில் பெயிண்ட் இன்னும் இளக்கமாக இருந்தது. நல்ல மாம்பழ மஞ்சள்.

என்னிடம் இருந்ததிலேயே நல்ல தூரிகையைக் கொடுத்தேன். "இதுல என்ன, கண்ணுக்கு மையா தீட்டறது?" என்று முனகிக்கொண்டே வாங்கிக்கொண்டார். மேலிருந்து கீழாக, பலகை பலகையாக, அவசரமில்லாமல் அடித்தார். காவி போயிற்று, பச்சை போயிற்று, எங்கள் கல்யாணத்து நீலம் போயிற்று. நான் உப்பு போட்டு, தேய்த்து, பார்த்துப் பார்த்துப் பழசாக்கியதெல்லாம் கால் மணி நேரத்தில் மஞ்சளுக்கு அடியில் மறைந்தது. என் மனைவி ஓரக்கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே இவர் வாயைத் திறந்துவிடுவாரோ என்று. உண்மையில் எனக்கு வருத்தமே இல்லை. பொம்மைக்கடை மாதிரிதான் இருந்தது, அவ்வளவு அழகாகவும் இருந்தது.

பழக்கதோஷத்தில் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டேன். "மச்சான், ஓரத்துல ரெண்டு கல்லு உப்பு போட்டுக்கலாமா? காஞ்சப்புறம் கொஞ்சம் உரிஞ்ச மாதிரி வரும்."

அவர் தூரிகையை டப்பாவின் விளிம்பில் துடைத்தார்.

"வேணாம் மாப்ள. தானா உரியட்டும்" என்றார். "அடுத்த பொங்கலுக்கு வரும்போது நான் பாத்து அடிச்சுக்கிறேன்."